திருஆலவாயும் ஒரு குங்குமச் சிமிழும்

மதுரைச் சித்திரை வீதிகளில் விடியற்காலையில் நடந்து செல்லும் அன்பர்கள் அறிவார்கள். கோபுரம் கண்ணில் படும் முன்பே தாழம்பூக் குங்குமத்தின் மணம் வந்து அழைக்கும். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகித் திரிந்து, ஓய்வுபெற்ற பின் திருநகரில் குடியேறிய நாள்முதல், வெள்ளிக்கிழமை தோறும் நானும் என் இல்லத்தரசியும் அந்த மணத்தைப் பின்பற்றியே அம்பாள் சந்நிதிக்குச் செல்வது வழக்கம். அஷ்டசக்தி மண்டபம் வழியே நுழைந்து, பொற்றாமரைக் கரையில் சற்றே அமர்ந்து, அங்கயற்கண்ணியைத் தரிசித்து, முக்குறுணி விநாயகரை வணங்கி, பிறகு சொக்கநாதப் பெருமானின் சந்நிதி. இந்த வரிசை மாறியதில்லை. மாறியது அவள் நெற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில், பொட்டு வைக்கும் இடத்தில் சிறு அரிப்பாகத்தான் அது தொடங்கியது. பின்பு சிவந்து, செதில் செதிலாக உரிந்து, புருவங்கள் வரை இறங்கியது. வகிட்டிலும் தடிப்பு. ஆறுவது போல ஆறும். ஆறிய இடம் கருத்து நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கழிந்ததும் மீண்டும் கிளம்பும். "உடம்புச் சூடு" என்றார்கள். சந்தனம் அரைத்துப் பூசினாள். வேப்பிலை, கற்றாழை, கஸ்தூரி மஞ்சள் என்று ஒவ்வொருவர் சொன்னதையும் செய்து பார்த்தாள். காரணத்தை நீக்காமல் மேன்மேலும் எதையாவது சேர்த்துக்கொண்டே போனோம் என்பது இப்போது புரிகிறது.

இதில் என் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மருந்துக்கடையில் நிலைமையைச் சொன்னேன்; ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் நெற்றி கண்ணாடிபோல் ஆயிற்று. பெரும் வித்தை செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமிதம். களிம்பை நிறுத்திய வாரமே அரிப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பியது. மீண்டும் வாங்கினேன். இப்படியே ஒன்றரை ஆண்டு. ஆயிரம் ரூபாய்ச் செலவுச் சீட்டைக்கூட இரண்டு முறை சரிபார்த்துக் கையொப்பமிட்ட நான், அந்தக் களிம்பின் உறையில் அச்சிட்டிருந்ததை ஒருமுறையேனும் படிக்கவில்லை.

முகத்தில் வரும் நோய்க்கு ஒரு தனித்துன்பம் உண்டு. அதை ஒளித்து வைக்க இயலாது. திருமண வீடுகளில் குங்குமத் தட்டோடு யாராவது எதிரே வந்தால் அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கத் தொடங்கினாள். ஏதோ தெய்வக் குறை என்று ஓர் உறவுக்காரப் பெண்மணி அவள் காதுபடவே சொன்னாராம். அதைப் பல மாதங்கள் கழித்தே என்னிடம் சொன்னாள்.

இறுதியில் எங்கள் மகளின் வற்புறுத்தலால் தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். நடுத்தர வயது அம்மையார். களிம்பைப் பார்ப்பதற்கு முன்பே கேள்விகளை அடுக்கினார். தலைக்குச் சாயம் உண்டா? முகத்தில் மஞ்சள் பூசுவதுண்டா? ஒட்டுப்பொட்டா, குங்குமமா? என்ன சோப்பு? என்ன தைலம்? கடைசியில், "எந்தக் குங்குமம்மா?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பித்தளைச் சிமிழ் இருக்கிறது. பழனி, சமயபுரம், திருச்செந்தூர் என்று எந்தத் தலத்துக்குப் போய்வந்தாலும் அந்தப் பிரசாதக் குங்குமம் அதில்தான் சேரும். உறவினர் தருவதும் அதில்தான். பல கணக்குகளின் பணத்தை ஒரே கணக்கில் வரவு வைத்துவிட்டால், பிறகு எது யாருடையது என்று எந்தத் தணிக்கையாளரும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் சிமிழின் நிலையும் அதுதான்.

பண்டைய முறையில் குங்குமம் என்பது மஞ்சளைக் கொண்டு செய்யப்படுவது. எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் படிகாரமும் சேரும்போது மஞ்சள் செந்நிறமாகிறது. அதற்கு உழைப்பும் நாளும் வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் மாவுப் பொருளோடு செயற்கைச் சாயமும் வாசனைத் திரவியமும் கலப்பதுண்டு. அவை சிலருடைய தோலுக்கு ஒவ்வுவதில்லை. இந்த ஒவ்வாமையைப் பற்றி 1986-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மருத்துவக் கட்டுரை வெளிவந்திருக்கிறது. ஒட்டுப்பொட்டிலும் வில்லங்கம் உண்டு. அதன் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள், பொட்டு வைத்த இடத்தை வெளுக்கச் செய்துவிடும். நல்ல மஞ்சளே ஒத்துக்கொள்ளாதவர்களும் அரிதாக இருக்கிறார்கள். ஆகவே, "சுத்தமான குங்குமம்தான்" என்று நாமாக முடிவு செய்துவிடலாகாது, சோதித்தே பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அந்தச் சோதனை எளிமையானது. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு சிறு அலுமினிய வட்டங்களில் வைத்து முதுகில் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. பிரித்துப் பார்த்து, நான்காம் நாள் மீண்டும் பார்க்கிறார்கள். எந்த வட்டத்தின் கீழ் தோல் சிவந்து தடிக்கிறதோ அதுவே குற்றவாளி. யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-இல் உலகுக்கு அறிவித்த முறை இது. சிமிழிலிருந்த கலவையும், தெருவோரக் கடையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் பொட்டலமும் சிவந்தன. வாசனைக் கலவையும் சிவந்தது. மஞ்சளுக்கு ஒன்றுமில்லை.

களிம்பைப் பற்றியும் சொன்னார். அது வீரியமான ஸ்டீராய்டு. தக்க நோய்க்கு, தக்க அளவில், தக்க நாள்வரை மருத்துவர் சொல்லிப் பூசினால் அருமருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்து, பூசாவிட்டால் எரிந்து, மருந்தே நோயாகிவிடும். நம் நாட்டில் இது மிகப் பரவியதால், இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் அரசு ஆணையிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. நானே கேட்டு வாங்கியவன்தானே! திடீரென்று நிறுத்தாமல் அவருடைய மேற்பார்வையில் படிப்படியாகவே விடச் செய்தார். ஸ்டீராய்டு அல்லாத வேறொரு களிம்பும், வாசனையற்ற ஈரப்பசைக் களிம்பும் தந்தார். வெயிலில் குடை. இரண்டு மாதத்துக்கு நெற்றியில் எதுவும் கூடாது. குங்குமம், சந்தனம், திருநீறு எதுவும்.

அந்த கடைசி வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. இரவில்தான், "என்னங்க, நீங்க கல்லுக்குண்டா இருக்கிறப்ப நான் வெறும் நெத்தியோட நிக்கணுமா? அரிச்சா அரிச்சுட்டுப் போகுது" என்றாள். நான் மருத்துவம் பேசினேன். அது அவள் செவியில் ஏறவில்லை. நாற்பது ஆண்டு வாழ்க்கையை அந்த ஒரு பொட்டில் வைத்திருக்கிறவளிடம் சாயத்தைப் பற்றியும் பசையைப் பற்றியும் பேசி என்ன பயன்?

அந்த வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குச் சென்றோம். சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் ஞானசம்பந்தப் பெருமான் முன் நின்றாள். இந்தத் தலத்தில்தானே அந்தத் திருவிளையாடல் நிகழ்ந்தது! பாண்டியனுக்கு வெப்பு நோய். மேனி தீயாய் எரிகிறது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் சம்பந்தரை அழைத்து வருகிறார்கள். உடலின் இடப்பாகத்தைச் சமணர் எடுத்துக்கொள்ள, வலப்பாகத்துக்குச் சம்பந்தர் ஆலவாயான் திருநீற்றைப் பூசித் திருநீற்றுப் பதிகம் பாடுகிறார். வலப்பாகம் குளிர்கிறது, இடப்பாகம் எரிகிறது. அதைச் சொன்னவன் மன்னனேதான். பரஞ்சோதி முனிவர் இதற்கென்று ஒரு படலமே வைத்திருக்கிறார்.

நெடுநேரம் நின்றவள் திரும்பி, "ராஜாவே ஒரு பக்கம் குறைஞ்சது, ஒரு பக்கம் குறையலேன்னு பார்த்துத்தானே நம்பினாரு. நானும் ரெண்டு மாசம் பார்க்கிறேங்க" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். அந்தப் படலத்தை எத்தனையோ முறை படித்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

நம் பெரியோரும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் தரிக்கச் சொல்லவில்லை. திருநீற்றைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என்று வகுத்து, அகற்பத்தை விலக்கினார்கள். வெண்ணிற நீறே தரிக்கத் தக்கது, கருமையும் செம்மையும் புகைநிறமும் பொன்னிறமும் ஆகா என்று ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். தரம் பார்ப்பது பக்திக் குறைவென்றால் அந்த வகைப்பாடு எதற்கு?

மற்றொன்றும் உறைத்தது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் முன்பு வரிசையாகக் கடைகள் இருந்தன; இப்போது அவை குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கோயிலைச் சுற்றி எங்கே வாங்கினாலும் நாம் பார்ப்பது என்ன? பளிச்சென்ற நிறம், குறைந்த விலை. அதை அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். அம்பாள் திருவடியில் வைத்து அதையே நமக்குத் திருப்பித் தருகிறார்கள். எங்கள் சிமிழில் இருந்ததில் பெரும்பகுதி நாங்களே வாங்கிக் கொடுத்ததுதான். தாய்க்கு நாம் எதைக் கொடுத்தோம் என்று எண்ணியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதமும் பிரசாதக் குங்குமத்தை இலையில் பெற்று, வீட்டிலுள்ள மீனாட்சி படத்துக்கு இட்டாள். முதல் மூன்று வாரம் பெரும்பாடு. களிம்பு விட்ட நெற்றி தகித்தது. ஆறாவது வாரத்தில் அரிப்பு நின்றது.

அரிப்பு நின்றால் திருவேடகம் வருவதாக வேண்டியிருந்தாள். சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று ஒதுங்கிய தலம். சோழவந்தான் சாலையில், ஒருபுறம் தென்னந்தோப்பும் நெல்வயலும், மறுபுறம் வெற்றிலைக் கொடிக்கால்களுமாக வழியே கண்ணுக்கு இதம். ஆனால் சாலையோரம் நெடுகிலும் வெண்ணிறச் சிறுபூக்களோடு பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில்பட்டு நாடெங்கும் பரவிய களை இது. அதன் துகள் காற்றில் வந்து படுவதாலேயே முகம், கண்ணிமை, கழுத்தெல்லாம் தடித்து அரிக்கும் நோய், வெளியில் உலவும் நடுவயதைக் கடந்த ஆண்களிடம் மிகுதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலைநடை செல்லும் அன்பர்கள், களை மண்டிய பாதையை விட்டு வேறு பாதையில் செல்லலாம். முகத்தில் ஓயாத அரிப்பு இருந்தால் இந்தச் செடியைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏடகநாதர் சந்நிதியில் கூட்டமில்லை. ஏலவார்குழலி அம்மன் சந்நிதியில் குருக்கள் குங்குமம் நீட்டினார். அவள் இலையில் வாங்கிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சிறு டப்பாவை எடுத்தாள். அவளே மஞ்சளும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்தது. வாசனை ஏதும் கலவாதது. மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் முன்கையின் உட்புறத்தில் காலையும் மாலையும் தடவிப் பார்த்தாயிற்று, தோல் சிவக்கவில்லை. அதை அம்பாள் பாதத்தில் வைத்துத் தரும்படி கேட்டாள். குருக்கள் காரணம் கேட்கவில்லை.

அது கடைக் குங்குமம்போல் பளிச்சிடாது. செங்கல் பொடியின் நிறம். பழைய கருமை இன்னும் முழுவதும் மறையவில்லை. மறைய மாதங்கள் ஆகும் என்றிருக்கிறார் மருத்துவர். அந்தக் கருமையின் நடுவே ஒரு துளி இட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "நேரா இருக்கா, பாருங்க" என்றாள். சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நேராக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.