திருக்கையும் குருவியும்

மாண்டா திருக்கை கடலில் வாழ்வது. மஞ்சள் மார்பு பண்டிங் ஒரு பாட்டுக் குருவி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பெரிய சந்தை ஒரே மாகாணம்தான்: தென் சீனாவின் குவாங்டாங்.

திருக்கையின் செவுள் அங்கே மருந்துச் சரக்கு. இந்தியா, இலங்கையிலிருந்தும் போகிறது. சில வருடங்களுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் அது குறைவது புரிகிறது.

ஆனால் குருவி வருடா வருடம் நாலைந்து முட்டையிடும். பின்லாந்து முதல் ஜப்பான் வரை கோடிக்கணக்கில் இருந்தது. வலசை வழியில் வலை போட்டுப் பிடித்து, 'நெல் பறவை' என்று தின்றார்கள். சீனா 1997-இல் தடை விதித்தும் கள்ளச்சந்தை நிற்கவில்லை. 1980-க்கும் 2013-க்கும் இடையே 84 முதல் 95 சதவீதம் காலி!

ராட்சத மாண்டா 2020-இல் 'அருகிய இனம்' ஆனது. குருவியோ 2017-இலேயே 'மிக அருகிய இனம்'. டிமாண்ட் ஏறிக்கொண்டே போனால் எவ்வளவு பெரிய ஸ்டாக்கும் தீர்ந்துவிடும்.