அருவிக்குக் கீழேயும் ஆறு உண்டு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பேசிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், ஆளுக்கு ரெண்டு பரோட்டா, ராத்திரிக்குள் வீடு. தலையில் விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது சிற்றாறாகி, தென்காசியைத் தாண்டிக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. சேர்ந்த பிறகு முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று போய்ப் புன்னைக்காயலில் கடலுக்குள் இறங்குகிறது. தமிழ்நாட்டு மலையில் பிறந்து, தமிழ்நாட்டு நிலத்திலேயே ஓடி, தமிழ்நாட்டுக் கடலிலேயே முடிகிற ஆறு தாமிரபரணி. மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர்தான். காரில் போனால் ஒரே பகலில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிக்கக் கூடாது.

இந்த முறை தை மாதத்தில் கிளம்பினோம். மழை ஓய்ந்திருக்கும், அணைகளில் தண்ணீர் இருக்கும், வயலில் பிசானப் பருவ நெற்பயிர் நிற்கும். நான், கணவர், என் அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். மகள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: தண்ணீர் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் வண்டியை நிறுத்த வேண்டும்.

"அணைக்கட்டுல விழுறதும் அருவிதானம்மா?"

"தண்ணி மேலயிருந்து கீழ விழுந்தா அருவிதாம்ட்டி" என்று அவள் ஆச்சியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்தத் தீர்ப்பு எங்களை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்று அப்போது தெரியவில்லை.

பொதிகையில் பூங்குளம் என்கிற இடத்தில் ஆறு தொடங்குகிறது. அங்கே நம்மால் போக முடியாது. அதற்குக் கீழே பாணதீர்த்தம். அம்மா கல்யாணமான புதிதில் அப்பாவோடு காரையாறு அணையில் படகேறிப் போய் அங்கே குளித்திருக்கிறாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது என்பாள். பல ஆண்டுகளாக அங்கே குளிக்க அனுமதி இல்லை. வருத்தம்தான், ஆனால் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆற்றின் தலைமாட்டில் காடு இருப்பதால்தான் கோடையிலும் ஆறு ஓடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்குகிற மலை இது. வாங்கியதை உடனே கொட்டிவிடாமல் சோலைக்காடு பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. காட்டைக் கெடுத்துவிட்டு அருவியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்தார்கள். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் எல்லாம் வெளியே. மேலே போகிற வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இறங்கினோம். ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக்குள் ஜனம் கொள்ளாது. தையில் குரங்குகளும் நாங்களும்தான். பட்டவராயன் சன்னிதியில் தோல் செருப்புகள் கட்டித் தொங்குகின்றன, நேர்ச்சையாக வந்தவை. சில செருப்பு முழ நீளம் இருக்கும். ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார், அதனால்தான் அடி தேய்கிறது என்பார்கள். என் மகன் ஒவ்வொரு செருப்பாகத் திருப்பி அடியைப் பார்த்தான். ஒன்றில் குதிகால் பக்கம் மண் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் அவன் பேசவில்லை.

அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். பாறையோடு ஒட்டிச் சரிந்து வருகிற அருவி, தலையில் அறைகிற அருவி அல்ல. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். மாப்பிள்ளை வந்து கூப்பிட்டும் வரவில்லை. மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். கைலாயத்துக் கல்யாணத்தை அகத்தியர் இங்கிருந்தே பார்த்தார் என்பது கதை.

கீழே பாபநாசநாதர் கோயில் படித்துறை. இங்கே மீன்கள் பயமில்லாமல் படி வரைக்கும் வரும். பொரி வாங்கித் தூவினால் தண்ணீரே கறுத்துப்போகிற மாதிரி மொய்க்கும். பிள்ளைகள் அதில் மூழ்கியிருந்தபோது மகன் ஒரு பாறையைக் காட்டினான். நீல நைலக்ஸ் சேலை ஒன்று அதைச் சுற்றிக் கிடந்தது. பாசி பிடித்து, பாதி பச்சையாகியிருந்தது. அவன் முந்தியைப் பிடித்து இழுத்தான். சேலை வந்தது, அதோடு ஒரு வேட்டி வந்தது, வேட்டியோடு முடிச்சுப்போட்ட மாதிரி ஒரு சின்னப் பிள்ளையின் கால்சட்டை வந்தது. பரிகாரம் என்று குளித்துவிட்டுக் கட்டிய துணியை ஆற்றிலேயே விடுகிறார்கள். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள், மறுபடியும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தத் துணிக்குக் கீழே கல்லிடுக்கில் மீன் முட்டையிட இடமில்லை. இது பக்தி இல்லை. எந்தச் சாஸ்திரம் சொன்னாலும் இல்லை.

மணிமுத்தாறு அருவிக்கு அணையைத் தாண்டிக் காட்டுக்குள் போக வேண்டும். உயரம் அதிகமில்லை, ஆனால் முன்னால் கிடக்கிற தடாகம் ஆழம். கம்பியைத் தாண்டக் கூடாது. அருவியைக் கடந்து மேலே ஏறுகிற சாலை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மலை அது. அங்கே தேயிலை பறித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கீழே சொல்கிறேன், ஆறு அங்கே கொண்டுவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மகளின் நிபந்தனை வேலை செய்யத் தொடங்கியது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்திய அரசர்கள் காலத்தவை. ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கித் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் கால்வாய்க்குத் திருப்புகிறார்கள். மிச்சம் கல்லின் மேலேறி அந்தப் பக்கம் விழுகிறது. அந்த விழுகையில்தான் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். இவற்றை நம்பி இரண்டு மாவட்டங்களில் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாய்கிறது. எனக்கு இவை மலையருவிகளைவிட உயர்ந்தவையாகத் தெரிகின்றன. மலையில் தண்ணீர் தானாக விழுகிறது. இங்கே எவ்வளவு விழ வேண்டும், எவ்வளவு வயலுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் யோசித்துக் கல் வைத்திருக்கிறார்.

கன்னடியன் அணைக்கட்டில் கால் நனைத்துக்கொண்டு அம்மா அதன் கதையைச் சொன்னாள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரிக்கு அரசன் ஒருவனிடமிருந்து பொன் கிடைத்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பொதிகைக்குப் போய் அகத்தியரிடம் கேட்டான். "வழியில ஒரு பசுவப் பாப்ப. அதும் பின்னாலயே போ. அது நடக்க வழியில கால்வாய் வெட்டு. மூத்திரம் பேஞ்ச எடத்துல மடை வையி. படுத்த எடத்துல குளம் வெட்டுன்னாராம்."

"பசு ராத்திரி தூங்கலையா ஆச்சி?" என்றாள் மகள்.

"தூங்குன எடம்தாம்ல பெரிய குளம்."

கதைதான். ஆனால் மேட்டில் ஏறாமல் சரிவு பார்த்து நடக்கிற மாட்டின் புத்தியோடுதான் அந்தக் கால்வாய் இன்றும் வளைந்து வளைந்து போகிறது. வழி காட்டியவர் யாராக இருந்தாலும் நிலத்தை நன்றாகத் தெரிந்தவர்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். கடனாநதி வந்து சேர்கிற திருப்புடைமருதூரில் மருத மரங்களும் பறவைகளும். பத்தமடையில் கோரைப்பாய். கோரை நீரோரம் வளர்வது. நாரை ஊறப்போட்டுச் சன்னமாகக் கிழித்துப் பட்டுப்போல நெய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி வரை சாலையின் இரண்டு பக்கமும் பச்சை. கணவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

நெல்லைக்குள் நுழையுமுன் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்கு உள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளம் வந்து மோதுகிற பக்கத்துச் சுவரைப் படகின் முனை மாதிரி கூராகக் கட்டியிருக்கிறார்கள். நீர் இரண்டாகப் பிளந்து போய்விடுகிறது. சுவரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர், ஜனங்கள் ஓடத்துக்குப் படுகிற பாட்டைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. 1843இல் திறந்தார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைந்த வளைவுகள் இன்னும் வண்டிகளைத் தாங்குகின்றன.

அதே பாலத்தின் பக்கத்தில், கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தார்கள். கூலி உயர்வும், சிறையில் இருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டு வந்தவர்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். மணிமுத்தாறு அருவிக்கு மேலே தேயிலை பறித்த கைகள் அவை. மலையில் அந்த அருவியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் பாலத்தைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். குழந்தையின் வயது என்ன என்று மகள் கேட்டாள். இரண்டுகூட ஆகவில்லை என்றேன்.

நெல்லைக்குக் கீழே ஆறு இளைக்கிறது. நகரத்துக் கழிவு கலக்கிறது, அமலைச்செடி படர்கிறது. இந்தத் தண்ணீரைத்தான் சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிவரை குழாயில் குடிக்கக் கொண்டுபோகிறார்கள். மருதூர் அணைக்கட்டில் மட்டும் மறுபடி அழகு: நீண்டு வளைந்த கல்வரிசை, அதன்மேல் மெல்லிசாக வழிகிற தண்ணீர். மகள் கணக்கில் அதுவும் அருவி.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. இப்போது அங்கேயே அருங்காட்சியகம். கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காலுக்கடியில் முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்குச் சுமார் 3,200 ஆண்டு வயது என்று ஆய்வகம் சொல்லியிருக்கிறது. பிசானப் பயிரைப் பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு. 2023 டிசம்பரில் இதே இடத்தில் ஆறு வேறு முகம் காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. வெள்ளம் சூழ்ந்த நிலையிலும் புதுக்குடி ஊர்மக்கள் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். கோடையில் இதற்குக் கீழே ஆறு மணலாகக் கிடக்கும், டிசம்பரில் இப்படி வரும். இரண்டுக்கும் நடுவே வாழப் பழகியவர்கள் கரையோர மக்கள்.

ஆழ்வார்திருநகரி, ஏரல், வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கு நகர்ந்தது, அங்கிருந்து புன்னைக்காயலுக்கு. புன்னைக்காயலில்தான் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் நெடுநாள் இருந்து தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்ததுதான்.

முகத்துவாரத்தில் ஆறு பல கிளையாகப் பிரிந்து, அலையாத்திச் செடிகளுக்கு ஊடே சத்தமில்லாமல் நுழைகிறது. படகுகள் கட்டியிருக்கின்றன. தண்ணீர் விழுகிற இடம் ஒன்றுகூட இல்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இந்த மாதம் ஆற்றுத் தண்ணீர் நன்றாக வருகிறதா என்று கேட்டேன்.

"வருதும்மா. வந்தாத்தான் மீனும் வரும். நல்ல தண்ணி கடலுக்கு வீணாப் போவுதுன்னு மேல இருக்கவங்க சொல்றாங்க. எங்களுக்கு அது வீணில்ல."

குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஊருக்குத் திரும்பும்போது ஒரு நாளை ஒதுக்கி ஆற்றோடு கீழே வாருங்கள், ஓர் அணைக்கட்டிலாவது பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். கட்டியிருந்த துணியைப் பிழிந்து, பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.