பக்கம் திருப்பாமல் போட்ட கையெழுத்து

பொங்கலுக்குப் புவனகிரி வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன், கரிநாள் அன்றுகூட லேப்டாப்பை மூடவில்லை. சென்னையில் தண்ணீர் மீட்டர்களுக்குப் புரோகிராம் எழுதும் வேலை அவனுக்கு. ராத்திரி பதினொரு மணிக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"லேப்டாப்புல ஓடுது தாத்தா. அதையே மீட்டர் போர்டுல போட்டா நின்னுடுது."

எனக்குப் புரியாது என்று விட்டுவிடாமல், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுக் காட்டினான். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் நினைவகம் பைட் என்னும் சின்ன அறைகளின் வரிசை. 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றுக்கும் கதவு எண் உண்டு. அந்த போர்டில் உள்ள செயலி, ஓர் எண்ணை எடுக்கும்போது நான்கு அறைகளை ஒன்றாக எடுக்கும். அதனால் நான்கு பைட் எண் 0, 4, 8 என்று நான்கால் வகுபடும் கதவில் தொடங்க வேண்டும். இதற்கு அலைன்மென்ட் என்று பெயர். நாம் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஒரு பைட் எழுத்தும் அடுத்து நான்கு பைட் எண்ணும் கொண்ட பதிவென்றால், நடுவில் மூன்று அறைகளைக் காலியாக விட்டு, 5 பைட் பதிவை 8 ஆக்கிவிடும்.

மீட்டரிலிருந்து வரும் தகவலில் அந்தக் காலி இடம் இல்லை. முதல் பைட் தகவலின் வகை, ஒட்டினாற்போல் அடுத்த நான்கு பைட் ரீடிங். எண் 1-ல் தொடங்கி 4-ல் முடிகிறது. மூன்று பைட் ஒரு கட்டத்தில், ஒன்று அடுத்த கட்டத்தில். பிரெஞ்சில் படித்தவன் நான். இப்படி இரண்டு பக்கமும் காலைப் போட்டு நிற்பதை அதில் 'ஆ ஷ்வால்' என்பார்கள், குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி.

"அப்போ லேப்டாப்புல மட்டும் எப்படி ஓடுது?"

"இன்டெல் செயலி ரெண்டு பக்கத்தையும் படிச்சு ஒட்டிக்கும் தாத்தா. போர்டுல இருக்கிற கோர்டெக்ஸ் எம்0 சின்னது. முடியாதுன்னு அங்கேயே நின்னுடும். பழைய ஏஆர்எம்7 இன்னும் மோசம். நிக்கவே நிக்காது. முதல் கட்டத்தையே சுழற்றி ஏதோ ஒரு நம்பரைக் கொடுத்துடும்."

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் விதிகளில் அமைந்தவை. அந்த விதிகளோ, இப்படி வரும் எண்ணைச் சிப்பே படிக்கலாம், அல்லது நின்று மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்று இரண்டையும் அனுமதிக்கின்றனவாம்.

"கம்பைலர் இதைக் கண்டுபிடிக்காதா?"

"கண்டுபிடிக்கும். நான்தான் வாயை அடைச்சுட்டேன். இது சரியான எண்ணோட முகவரி, நான் பார்த்துட்டேன்னு பாயின்டரை மாத்திக் கொடுத்தேன். அது நம்பிடுச்சு. எச்சரிக்கை கேட்டு வாங்க வழி இருக்கு. நான் கேக்கலை."

எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளில் ஒரு விதவை அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கு என் மேசைக்கு வந்தது. கணவரின் பணிப் பதிவேட்டில், புதிய ஊதிய விகிதத்தில் சம்பளம் நிர்ணயித்த குறிப்பு ஒரு பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, மறுபக்கத்தில் முடிந்திருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. பழைய சம்பளத்தையே எடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று சுருக்கொப்பம் போட்டேன். கூட்டல் கழித்தல் சரியாக இருந்ததால் மேலே யாரும் தடுக்கவில்லை. மாதம் 45 ரூபாய் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறு ஏதோ தேடும்போது நானே கண்டேன். நிலுவைத் தொகை கிடைத்தது. ஆனால் பணம் போதாமல் அந்த அம்மா மகனை டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து நிறுத்தியிருந்தார். "பரவாயில்லை சார், இப்பவாவது பார்த்தீங்களே" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்கே யாராவது ஆட்சேபணை எழுதிப் பில்லைத் திருப்பியிருந்தால் நான்கு நாளில் சரியாகியிருக்கும். நின்றுபோகிற இயந்திரம் நல்ல இயந்திரம் என்று பேரனிடம் சொன்னேன்.

அவன் அந்தப் பாயின்டரை எடுத்துவிட்டு, நான்கு பைட்டையும் முறையான இடத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து படிக்கும்படி மாற்றினான். உண்மையைச் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளுமாம். சின்னச் செயலிக்கு ஒவ்வொரு பைட்டாக எடுக்கும்படி எழுதும், லேப்டாப்புக்கு ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும். பன்னிரண்டு மணிக்குப் போர்டு ஓடியது.

படுப்பான் என்று பார்த்தேன். "இந்த மாதிரி கையெழுத்து வேற எங்கெல்லாம் போட்டிருக்கேன்னு பார்க்கணும் தாத்தா" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டான். காலையில் கேட்டேன். பதினேழு இடமாம்.