ஒரே தொட்டியில் இரண்டு பாம்பு

பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒன்றோடு ஆசை அடங்குவதில்லை. இரண்டாவது பாம்பை நினைக்கும்போதே, இருக்கிற தொட்டியில் அதையும் விட்டால் என்ன என்று தோன்றிவிடும். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இருக்கும் என் தங்கை மகனும் இதைத்தான் கேட்டான். அவனிடம் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு கார்ன் ஸ்னேக் இருந்தது. பக்கத்து ஆர்லிங்டனில் நடக்கும் ஊர்வனச் சந்தையில் ஒரு பால் பைத்தான் குட்டியைப் பார்த்து மயங்கியிருந்தான். "இது ராத்திரி பூரா தனியாவே சுத்திக்கிட்டிருக்கு மாமா, பாவமா இல்லையா? அது வந்தா துணையா இருக்கும்ல?" என்றான்.

பணத்தையோ இடத்தையோ மிச்சம் பிடிப்பதற்காக அவன் கேட்கவில்லை. பாம்பின் மேல் வைத்த பிரியத்தில் கேட்டான். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பிரியத்திலிருந்து வந்த கேள்விக்கு அது போதாது என்று பட்டது.

இரண்டு வேறு வகைப் பாம்புகள் இணங்கி வாழும் என்ற எண்ணம் நமக்குப் புதியதும் அல்ல. சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். வரப்போரம் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நின்றால் பிணையல் என்று ஊரே கூடும். அவற்றின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்து, பெட்டியில் வைத்துக் காப்பவர்களும் உண்டு. அங்கே நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். கடிக்காமல், உடலால் உடலை முறுக்கி, எதிரியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கிற மல்யுத்தம் அது. நல்லபாம்புக்கோ சாரை இரை. பிடிக்க முடிந்தால் விழுங்கிவிடும். அந்த மல்யுத்தத்தில் நான் முக்கியமாக நினைப்பது அதன் முடிவை. தோற்ற சாரை விலகிப் போய்விடும். போவதற்கு வயல் இருக்கிறது, வேலி இருக்கிறது, அடுத்த ஊரே இருக்கிறது. காட்டில் பாம்புகளுக்குள் சண்டை பெருகாமல் காப்பது இந்த விலகல்தான். நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் அதற்குத்தான் வழியில்லை.

அவன் வைத்திருந்ததும் கேட்டதும் இரண்டு கண்டங்களின் உயிர்கள். கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்குரியது. பைன் காடு, கைவிட்ட தானியக் கிடங்கு, மரப்பட்டை இடுக்கு என்று ஏறி இறங்கித் திரியும். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடப்பது; அஞ்சினால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகிவிடும். அதற்குத் தொட்டியின் சூடான மூலை 32 பாகை செல்சியஸ் அளவுக்கு இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கார்ன் ஸ்னேக் இரண்டு மூன்று பாகை குறைந்த சூட்டையும் உலர்ந்த தரையையும் கேட்கும். பைத்தானுக்கு ஏற்றபடி தெர்மோஸ்டாட்டைத் திருப்பித் தண்ணீரும் தெளித்தால், ஈரத்தில் கிடந்து கிடந்து மற்றதன் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கலாம். மற்றதற்காகக் காயவிட்டால் பைத்தானின் சட்டை ஒரே உறையாகக் கழலாது; துண்டு துண்டாக உரிந்து, கண்ணை மூடிய பழைய தகடும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஓர் அளவை வைத்தால் இரண்டுக்கும் குறைதான். பால் பைத்தான் மிரண்டால் மாதக்கணக்கில் இரையைத் தொடாது. இரவெல்லாம் தன் மேல் ஏறி ஊரும் ஒரு பாம்பைவிட அதற்கு வேறென்ன மிரட்சி வேண்டும்?

சந்தையில் ஒரு கடைக்காரர், இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றையொன்று தின்னாது என்று அவனிடம் சொல்லியிருந்தார். இந்தப் பேச்சை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அதே மேசைகளில் விற்கும் கிங் ஸ்னேக் பிற பாம்புகளைத் தின்று வாழ்வது. விரியன் இனமான ராட்டில் ஸ்னேக்கின் நஞ்சையும் தாங்கும். 2017இல் டேவிட் பென்னிங், பிராட் மூன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கிங் ஸ்னேக்கையும், கார்ன் ஸ்னேக்கின் பேரினமான எலிப்பாம்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தசையின் அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் கிங் ஸ்னேக் இறுக்குகிற அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுருளை ஒழுங்காகச் சுற்றிப் பிடிப்பது அதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. தன்னைவிட நீளமான பாம்பையும் அது மடித்து மடித்து உள்ளே தள்ளிவிடும். பாம்பைத் தின்னாத இனமாக இருந்தாலும், ஒரே எலியை இரண்டு முனையிலும் இரண்டு பாம்புகள் பற்றிவிட்டால், பின்வளைந்த பற்கள் விட விடாது. பெரிய வாய் எலியோடு சேர்த்து மற்றதன் தலையையும் விழுங்கத் தொடங்கும்.

"ஆனா ஒண்ணு மேல ஒண்ணு சுருண்டு தூங்குதே, படத்துல பாத்தேன்" என்றான் பையன். நல்ல கேள்வி. தொட்டியில் சூடான மறைவிடம் ஒன்றே இருந்தால் இரண்டும் அங்கேதான் போகும். அதைப் பாசம் என்று படம் பிடிக்கிறோம். அதற்காகப் பாம்புக்கு உறவே இல்லை என்றும் அவனிடம் சொல்ல மாட்டேன். கனடாவின் மனிடோபாவில் நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் குழிகளில் கார்ட்டர் பாம்புகள் ஆயிரமாயிரமாக ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 2020இல் ஒன்டாரியோவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில் மார்கன் ஸ்கின்னரும் நோம் மில்லரும் கார்ட்டர் பாம்புக் குட்டிகளைக் கவனித்தபோது, அவை கூட்டாளியைத் தேர்ந்தே சேருகின்றன என்று கண்டார்கள். பிறகு அதே ஆய்வகம் பால் பைத்தான் குட்டிகளையும் பார்த்தது. மறைவிடங்கள் பல இருந்தும் அவை ஒன்றிலேயே நெருங்கிக் கிடந்தன. தனிமை விரும்பி என்று எல்லோரும் எழுதிவந்த பாம்பு அது. படித்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. இவற்றில் எங்கும் வேறு இனத்தைக் கலக்கவில்லை. பிரிந்து போகவும் இடம் இருந்தது. துணை வேண்டுமா என்பதைப் பாம்புதான் முடிவு செய்தது.

கடைசியில் அவனுக்கு இன்னொரு தொட்டி வாங்கினோம். அதையும் மூன்று மாதத்துக்கு வேறு அறையில் வைக்கச் சொன்னேன். மருத்துவனாக எனக்குப் பெரிய அச்சம் நோய்தான். போவா இனப் பாம்புகள் ஒரு வைரஸை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் சுமக்கும். 2012இல்தான் அதை அரினா வைரஸ் என்று அடையாளம் கண்டார்கள். அது பால் பைத்தான் போன்ற மலைப்பாம்புகளுக்குத் தொற்றினால் நரம்பு கெட்டு, தலை வானம் பார்த்து முறுகி, கவிழ்த்தால் நிமிரத் தெரியாமல் சீக்கிரமே சாகும். மருந்து இல்லை. பரப்புவதில் கடுகைவிடச் சிறிய பாம்பு உண்ணிக்குப் பங்குண்டு என்று வெகுநாளாகச் சந்தேகம் இருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வந்தால் உண்டதைக் கக்கி, நடுவயிறு தடித்து மெலிந்துபோகும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது அசைவதில்லை. பார்க்க நன்றாக இருக்கும் பாம்பில் இவை எதுவும் தெரியாது.

இதை இங்கே எழுதக் காரணம் சென்னை விமான நிலையம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. பாம்புகள் பல இனத்தவை. பால் பைத்தான் பிடிபட்ட செய்தி அதற்கு முன்னும் பின்னும் பலமுறை வந்துவிட்டது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பால் பைத்தான் போன்ற பட்டியலிட்ட வெளிநாட்டு உயிர்களையும் பதிவு செய்தாக வேண்டும். பெட்டியில் வந்த பாம்பை எப்படிப் பதிவு செய்வார்கள்? அதை வாங்கியவர், மூச்சுவிட முடியாமல் அது வாயைத் திறந்து கிடந்தாலும் மருத்துவரிடம் கொண்டுவர அஞ்சுவார். அதே வீட்டில் அதே தொட்டியில் இருக்கும் இன்னொரு பாம்பைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். சிகிச்சை இல்லாமலே இரண்டும் போய்ச் சேரும்.