சமையலுக்கும் ஒரு பட்டமா?

2022-ம் ஆண்டு எங்கள் மகள் மனித ஊட்டச்சத்தியலில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புவதாகச் சொன்னபோது, "சமையலுக்கும் ஒரு பட்டமா?" என்று கேட்டுவிட்டேன். வேதாகமக் கல்லூரியில் கிரேக்க இலக்கணத்தோடு போராடியவன் என்கிற பெருமை எனக்கு உண்டு. அவள் மறுமொழி சொல்லவில்லை. பாடத்திட்டத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல். சமையல் என்ற சொல்லை நான் தேடியும் காணவில்லை.

செகந்திராபாத்தில் நாங்கள் குடியிருக்கும் இடத்திற்குச் சற்றுத் தொலைவில், தார்நாக்காவில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அதன் மதிலைக் கடந்து சபைக்குச் சென்றுவருகிறேன். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய ஒற்றை அறையே அதன் ஆரம்பம் என்பதையும், 1958-ல் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டதையும் மகள் சொல்லித்தான் அறிந்தேன். பின்னாளில் அதன் இயக்குநராயிருந்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவராம். நம்மைப்போல் அதுவும் குடிபெயர்ந்து வந்ததுதான் என்று சிரித்துக்கொண்டேன்.

இரண்டாம் பருவத்தில் ஒரு செய்முறைப் பயிற்சி. ஒருவர் முந்தின 24 மணி நேரத்தில் உண்டதையும் குடித்ததையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். என்னிடம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அளவுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தாயிடம் போனாள்.

"நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?"

"தேநீர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் வேறெதற்கு நேரம்?"

மதியம் பதினொருவருக்குப் பரிமாறியபின், மூன்றரை மணிக்கு, எஞ்சிய சோறும் ரசமும். எந்தக் கிண்ணம் என்றதற்கு என் மனைவி நடுத்தரமானதைத் தொட்டு, தயங்கி, அடுத்த சிறியதைக் காட்டினாள். பருப்பு? தீர்ந்துவிட்டது. கீரை? விருந்தினருக்கு வைத்தாயிற்று. சாப்பிட்டவுடன் மறுபடியும் தேநீர். இரவில் இரண்டு இட்லி.

அடுத்த அறையில் நான் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினொருவரையும் அழைத்தவன் நானே.

ஞாயிறு அப்படித்தான் இருக்கும் என்று வாதாடினேன். ஒருநாள் கணக்கு போதாதென்று அவளும் ஒப்புக்கொண்டு, வேறு இரு நாட்களும் பதிவு செய்தாள். விருந்தினர் வராத நாளிலும் பருப்பு என் தட்டிலேயே இருந்தது. 2017-ல் அந்நிறுவனம் வெளியிட்ட, 528 உணவுப் பொருட்களின் சத்துக்களைத் தரும் அட்டவணையை வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் கணக்கிட்டாள். இரும்புச்சத்து மிகக் குறைவு. உணவோடு குடிக்கும் தேநீர் அதையும் உடம்பில் சேரவிடாது என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.7. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இந்நிலையில் இருந்தார்கள். மாடிப்படி ஏறும்போது அவள் மூச்சு வாங்குவதை இரண்டு ஆண்டுகளாகக் கண்டு, உண்மையாகவே ஜெபித்திருக்கிறேன். அவள் தட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

தானியேலின் பத்துநாள் சோதனையை உபவாசத்துக்கே உதாரணமாய்ப் பிரசங்கித்து வந்தவன் நான். ஒரு கூட்டத்தார்க்கு மரக்கறி, மற்றவர்க்கு ராஜபோஜனம், முடிவில் இருவரையும் ஒப்பிடுதல். ஆய்வுமுறையின் பழைய எடுத்துக்காட்டாக அதை வகுப்பில் சொன்னார்களாம்.

மருத்துவர் தந்த மாத்திரைகளாலும் மாறிய உணவாலும் சில மாதங்களில் அளவு 11.4 ஆனது. தேநீர் நான்கு மணிக்கு நகர்ந்தது. கீரையோடு எலுமிச்சை வந்தது. மகள் 2024-ல் பட்டம் பெற்று, இப்போது ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கிறாள்.

சென்ற ஞாயிறு விருந்தினர் ஒன்பது பேர். மனைவி அவர்களோடு முதற்பந்தியில் உட்கார்ந்தாள். இருமுறை எழுந்தாள், இரண்டாம்முறை மகள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பரிமாறினவன் நான். குழம்பு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதென்று அவளிடந்தான் கேட்க வேண்டியிருந்தது.