தாத்தாவின் மணியும் என் நோட்டும்

என் தாத்தா உபதேசியார். நெல்லைச் சீமையில் பனங்காட்டுக்கு நடுவே ஒரு கிளைக் கோவில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வருவார், பூசை வைப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் கோவில் தாத்தா பொறுப்பு. காலையும் மாலையும் மணி அடிப்பார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து செபம் சொல்வார். பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

சின்ன வயதில் அவரைச் சாமியாருக்கு எடுபிடி என்றுதான் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பழைய வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது செபம் சொல்லிக் கொடுக்க உள்ளூர் ஆளை வைத்துவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளை என்று பெயர். 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தினார்கள். 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது வருடம் விசுவாசத்தைக் காப்பாற்றியது சாதாரணக் குடும்பத்துக்காரர்கள்தான். வாஸ் அடிகளாரும் ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவியார் என்று பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார். 2022-ல் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயமும் குருவல்ல, குடும்பஸ்தர்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கூட்டங்களில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். ஆனாலும் நான் செய்தது வேறு.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து பென்னலூருக்குக் குடிவந்தவன் நான். ரிட்டயர் ஆனதும் எங்கள் அன்பியத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பங்கை இருபது, முப்பது வீடுகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, வீட்டுக்கு வீடு கூடி வேதாகமம் வாசித்து, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் விசாரிப்பதுதான் அன்பியம். எங்களிடம் 24 குடும்பங்கள். பெயர், சந்தா, பிறந்தநாள் எல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில். எட்டு வருடம் அந்த நோட்டு என் கையை விட்டுப் போனதில்லை.

பங்குப் பேரவையில் எனக்கு ஒரே புகார்தான்: "ஃபாதர் எங்களைக் கலந்து பேசுவதில்லை." 1983-ம் வருடத் திருச்சபைச் சட்டப்படி பங்கில் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். பேரவைக்கோ ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். அதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுவேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நாலு வடநாட்டுப் பையன்கள். பின்பக்கம் லைன் வீட்டில் இருப்பவர்கள், ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலை. கூட இருந்த பையன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டான். காலையில் உடலை ஜார்க்கண்டுக்கு அனுப்ப வேண்டும். "அங்கிள், நாங்க கேத்தலிக். பிரேயர் பண்ணணும்."

பங்குத்தந்தை தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். நானே போனேன். பத்துக்குப் பத்து அறை, நடுவில் பெட்டி. புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் செபம் சொன்னேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. இறந்தவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் என் வீட்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறான், என் நோட்டில் அவன் இல்லை.

அப்போது ஒரு பையன் முன்னால் வந்து அவர்கள் பாஷையில் செபத்தைத் தொடர்ந்தான். பிறகு பாட்டு எடுத்தான். அந்த அறையே பாடியது. வெளியே வந்ததும், எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவன் அப்பா ஊரில் 'பிரசாரக்'காம். சாமியார் எப்போதாவதுதான் வருவாராம். மணி அடிப்பது, செபம் சொல்வது, அடக்கம் செய்வது எல்லாம் அப்பாதானாம்.

என் தாத்தா.

அடுத்த கூட்டத்தில் தையல் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, லைன் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கிட்டு, அந்தத் தம்பியையே பொறுப்பாளரா போட்டா என்ன?" எனக்குச் சுருக்கென்றது. அவன் நிரந்தரமா இருப்பானா, தமிழ் தெரியுமா, ஷிப்டுக்கு யார் வருவார் என்று அடுக்கினேன். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் நான் கேட்டது நோட்டைப் பிடித்துக்கொள்ளத்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பொதுநிலையினர் பணி பற்றி 1965-ல் வத்திக்கான் சங்கம் சொன்னது நினைவுக்கு வந்தது: இந்த உரிமையும் கடமையும் ஞானஸ்நானத்திலேயே வருகிறது, யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதல்ல. ஃபாதரிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்தப் பையனுக்கும் அதே ஞானஸ்நானம்தானே?

மறுவாரம் நோட்டைக் கொண்டுபோய் அந்தத் தங்கச்சியிடமும் பையனிடமும் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். பையனுக்கு நைட் ஷிப்டு விழுந்தால் கூட்டம் தள்ளிப்போகிறது. இந்திப் பாட்டு வேண்டாம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நோட்டில் இப்போது லைன் வீட்டு அறைகளும் உண்டு, ஒவ்வொருவர் பெயரும் ஊரும் வீட்டுப் போன் நம்பரும் சேர்த்து.

நான் முன்னதாகப் போய்ப் பாய் விரிக்கிறேன். ஃபாதரைப் பற்றிப் புகார் சொல்வதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வீட்டுக்காரி சொல்கிறாள்.