ஓடு மாற்றும் மாதம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில், புரட்டாசி பிறந்துவிட்டால் அப்பாயியின் கண் கூரையை விட்டு இறங்காது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கார்த்திகை முடிய விடாது. அதற்குள் ஓடு மாற்றியாக வேண்டும்.

நாட்டு ஓடு, குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒரு வரிசையை மல்லாத்தி, அதன் சந்தை மூட இன்னொரு வரிசையைக் கவிழ்த்து அடுக்குவார்கள். ஆணி கிடையாது, கொக்கி கிடையாது, தன் கனத்திலேயே படுத்திருக்கும். அணில் ஓடினால் நகரும். பூனை நடந்தால் கேட்கவே வேண்டாம்.

வெயில் ஏறியதும் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்வார் அப்பாயி. கூடம் இருட்டியதும் கூரையிலிருந்து வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கும். தரையில் பொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே சந்து இருக்காது, வெயில் சாய்ந்தல்லவா வருகிறது. தூசி மிதக்கும் அந்தக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மேலே போவார். சந்து அகப்பட்டதும், நீளக் கம்பின் நுனியில் கட்டிய ஈர்க்குச்சியை அதன் வழியாக வெளியே நீட்டுவார். மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுக்காரர் குச்சி தலை காட்டிய இடத்தில் கை வைப்பார்.

"தம்பி, பூனை போற தடத்தப் பாத்தியா?"

"பாத்துட்டேன் ஆயா. வடக்கால நாலஞ்சு வெடிச்சுக் கெடக்கு. கூடுவாய்த் தகரமும் துருப்புடிச்சிருச்சு."

"தகரத்த மொதல்ல மாத்து. ஓடு கொல்லையில நெறைய கெடக்கு."

முற்றத்து மூலையில் இரண்டு சாய்ப்பும் சேரும் பள்ளம்தான் கூடுவாய். இரு பக்கத்து மழையும் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். பூவரச இலை நாலு அடைத்தால் போதும், தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கடியில் புகுந்து மண்சுவருக்குள் இறங்கிவிடும். வீட்டின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்பாயி அதை யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை.

மற்ற மாதங்களுக்கும் வேலை இருந்தது. மார்கழியில் பத்தாயத்தைக் காலி செய்து, வேப்பிலையும் நொச்சியும் போட்டு அறுவடைக்குத் தயார் செய்வோம். பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பு பானையில் கொதிக்கும், பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. கொஞ்சம் நீலம் கலந்து, தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையால் அடிப்பார்கள். சித்திரையில் தண்ணீர் கீழே போனதும் கிணற்றில் தூர் வாருவார்கள். கதவு நிலைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதை மட்டும் அப்பா யாரிடமும் விடமாட்டார். கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயல், ஓடு மாற்றிய கூரை என்று எங்களை விட்டுவைக்கவில்லை. முகட்டுப் பக்கம் பாதி பறந்துவிட்டது. ஆனால் சுவர் நின்றது. கைமரங்கள் நின்றன. கொல்லையில் அடுக்கியிருந்த ஓட்டை எடுத்துத் தை பிறப்பதற்குள் வேய்ந்துவிட்டோம். அப்பாயி ஒருநாள்கூட உட்கார்ந்து அழவில்லை. எத்தனை ஓடு தேறும் என்று எண்ணிக்கொண்டே நடந்தார்.

வீடு போனது அதற்கு வெகுகாலம் கழித்து. முதலில் விறகடுப்பு நின்று காஸ் வந்தது. அடுப்புப் புகை ஏறிக் கறுத்திருந்தவரை அடுக்களை மூங்கிலைப் பூச்சி தொட்டதில்லை. புகை நின்ற சில வருடத்தில் மாவு மாவாகக் கொட்டத் தொடங்கியது. அப்பாயி போன பிறகு நாங்களும் ஊர் ஊராகப் பிரிந்தோம். கதவைச் சாத்திவிட்டு வெளிச்சம் பார்க்க ஆளில்லை. புயலுக்கு நின்ற வடக்குச் சுவர், கூடுவாயில் தேங்கிய தண்ணீரில் ஊறி ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்துவிட்டது.

பிரிக்கும்போது நிலை, கதவு, பத்தாயப் பலகை எல்லாவற்றுக்கும் விலை கேட்டார்கள். ஓட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஓட்டுக்காரரின் மகன்தான் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போய்த் தன் மாட்டுக்கொட்டகைக்கு வேய்ந்தார். வெடித்ததைத் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கியும் வைத்தார்.